சிங்கப்பூரில் இருந்து ரெண்டு நாள்

இந்த வருஷம் அலங்காநல்லூர் சல்லிக்கட்டைத் தவறவிடுவதில்லை என்று முத்திருளன் சபதமே எடுத்திருந்தான். விடிவதற்குள் போய் கேலரியில் இடம் பிடிப்பதாக ஏற்பாடு. அதைக் கெடுக்கவென்றே முந்தின நாள், மாட்டுப் பொங்கல் காலையில், ஒரு தந்தி வந்தது. பெண்டாட்டியின் அண்ணன் வெள்ளைத்துரை அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சிங்கப்பூரில் விமானம் ஏறுகிறாராம். மெட்ராஸுக்கு வந்து கூட்டிப்போக வேண்டுமாம்.

“ஒம்பது வருசங்கழிச்சு வருது எங்கண்ணே. பெட்டியும் கையுமா மெட்ராஸ்ல தனியா முழிச்சுக்கிட்டு நிக்கவா? இப்பவே பஸ்ஸைப் பிடிங்க” என்றாள் அன்னக்கொடி.

முத்திருளன் அசரவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று அவன் சொன்னால் மதுரையே கேட்கும். கட்டின பெண்டாட்டி கேட்க மாட்டாளா?

“என்ன அவசரம்? ப்ளேன் வந்து சேர ரெண்டு நாள் ஆகும்ல.”

“ரெண்டு நாளா! ஆகாசத்துல வாரதுக்கா?”

“எம்புட்டுத் தூரம்னு நெனச்ச? மேலூருன்னு நெனப்பா? நடுவுல அம்புட்டும் கடலு.”

“ராத்திரிக்கு?”

“ஒரு தீவுல நிப்பாட்டி, எல்லாரையும் படுக்க வச்சு, விடிஞ்சதும் எடுப்பாக.”

“சாப்பாடு?”

“நம்ம பஸ்ஸு விழுப்புரத்துல நிக்கலையா? அது மாதிரிதான்.”

நாளைக்குச் சல்லிக்கட்டு, நாளை ராத்திரி பஸ். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

அன்னக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நல்லவேளை சொன்னீக. எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. அண்ணன் கடல்மேல இருக்கையில தங்கச்சி புருசன் வேடிக்கை விளையாட்டுன்னு போகக் கூடாது. காளை மொகத்துல முழிக்கவே கூடாது. போனா, வாரவுகளுக்கு ஆகாது.”

முத்திருளன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மீறிப் போய் மச்சானுக்கு ஒரு சளி பிடித்தாலும் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டுமே!

“ரெண்டு நாளுங்கிறது பழைய ப்ளேனு புள்ள. இப்ப ஒரே நாளு.”

“அப்பவும் நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் கடல்மேலதான்.”

“பன்னெண்டு மணி நேரம்!”

“அப்ப விடிய ஆறு மணி ஆகுது. இடம் பிடிக்க நாலு மணிக்கே கெளம்பணும்ல?”

“ஏ புள்ள, அது ஜெட்டு! தீவும் இல்ல, படுக்கையும் இல்ல. நாலே மணி நேரம்! டிக்கெட் விக்கிறவன்கிட்டயே கேட்டிருக்கேன். இன்னைக்கு ராத்திரியே மெட்ராஸ்ல எறங்கிருவாரு, போதுமா?”

காலையிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அது. ஜெயித்துவிட்ட களிப்பில் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“இன்னைக்கு ராத்திரியேவா?” அன்னக்கொடி உள்ளே போனாள். வேட்டி சட்டை மடித்து வைத்த பையையும் இட்லிப் பொட்டலத்தையும் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். “அப்ப எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். ஓடுங்க.”

இட்லி ஆறிப்போயிருந்தது. தந்தி வந்தபோதே கட்டியிருக்கிறாள். முத்திருளன் வாசலில் இறங்கி, பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தான்.

“ஏ புள்ள, அந்த வழக்கம் உங்க வீட்டுல எப்ப இருந்து?”

“நீங்க ரெண்டு நாள்னு சொன்னதுல இருந்து.”