தேசி மரத்தில் வந்த வேஷக்காரி

தலைமன்னார்

விலங்கியல் ஆசிரியரும் என் உடன்பிறந்த தம்பியுமான மில்ரனுக்கு,

அக்கா எடித் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் நீ.

போன விடுமுறைக்கு நீ வந்து நின்றபோது, ஊறுகாய்க்கும் புளிக்கும் நான் வளர்க்கிற தேசி மரத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன. "முட்டை போடுதுபோல கிடக்கு, கலைக்கட்டோ?" என்று கேட்டேன். கதிரையை விட்டு எழும்பாமலே, "அது ரோசா வண்ணத்துப்பூச்சி, அக்கா. தேசியில முட்டை போடாது. சும்மா விடுங்கோ" என்றாய். படித்தவன் சொல்கிறான் என்று விட்டேன். நீ போய்க் கொஞ்ச நாளில் கொப்பெல்லாம் மொட்டை. பூச்சி இல்லையென்றால் தின்றது யார்? பக்கத்து வீட்டு நிஸ்லாவின் ஆடுதான்! அகதி முகாமில் என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவளை, "ஆட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாட்டி ஏன் வளர்க்கிறாய்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மறுநாளே ஆட்டை விடத்தல்தீவிலுள்ள தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆடு போன பிறகும் இலை குறைந்தது. கொப்பை வளைத்துப் பார்த்தால் கொழுத்த பச்சைப் புழு! தொட்டேன். தலையிலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குப் போன் எடுத்தால் சிரிக்கிறாய்! "ஓ, அப்ப அது வேற சாதி, அக்கா. ரோசா நஞ்செண்டு குருவி தின்னாது. அதால உங்கட தேசியில முட்டை போட்ட இந்தப் பெட்டைப் பூச்சி அதைப் போல வேஷம் போடுது. குருவியே ஏமாறும்." குருவி ஏமாறட்டும். குருவி என்ன, பட்டம் படிச்சுச் சம்பளமோ எடுக்குது?

நிஸ்லாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஆட்டைத் திருப்பிக் கொண்டு வரலாம், எடித். நீ கத்தினதை எங்க கொண்டுபோய் விடுற?" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் கதவு எனக்குச் சாத்தி நான் கண்டதேயில்லை. படலையடியில் நின்று அழுதேன்.

இனி என் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதே. நத்தார்ப் பண்டிகைக்கும் வேண்டாம். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். அதற்கு முன், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அக்கா
எடித்

பி.கு.: உறையை ஒட்டும்போது நிஸ்லா வந்து கூப்பிட்டாள். புழுவொன்று ஊர்ந்துபோய் அவள் முன்வாசல் திரைச்சீலையில் கூடாகித் தொங்குகிறது. சீலை அசையக்கூடாதென்று வீட்டாரையெல்லாம் பின்கதவால் நடத்துகிறாள். "இது எப்ப வெளிய வரும்? தம்பியக் கேளு" என்கிறாள். இரண்டு பேரும் தேத்தண்ணீரோடு அதற்கு முன்னால்தான் இருக்கிறோம். உடனே பஸ் ஏறு. வந்து பக்கத்தில் இரு. அது வெளியில் வரும்வரை மட்டும் வாயைத் திறக்காதே.