மாமரத்துக்குத் தோல் உரித்தேன்

நான் ஒரு கொலை செய்திருக்கிறேன். செய்த பிறகு ஒரு வருடம் அதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

மும்பை தாராவியில் பதினோரு வருடம் தோல் பட்டறை. ஆட்டுத்தோலைச் சுரண்டுவது என் வேலை. பட்டறையை மூடிவிட்டார்கள். மச்சான் செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் வாட்ச்மேனாகச் சேர்த்துவிட்டான். தங்க ஒரு அறை உண்டு. வேலை போனால் அறையும் போகும்.

சொசைட்டி செக்ரட்டரி ஒரு மாமி. ரிட்டையரான சயின்ஸ் டீச்சர். வாசல் மாமரம் அவருக்கு உயிர். தீபாவளிக்கு முன்னால் கூப்பிட்டார்.

"முருகேசா, மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுடு. நீட்டா இருக்கணும்."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுரண்டாமல் சாயம் ஏற்றக் கூடாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தேன். வெள்ளைக் கட்டை தெரிகிறவரை. (ஒரு நார் விடவில்லை. அவ்வளவு சுத்தம்.) மேலே சுண்ணாம்பு. மாமி வந்து பார்த்து, "பேஷ்" என்றார்.

அந்தக் கோடையில் மரம் காய்த்துக் கொட்டியது. பழம் வெல்லம். சுண்ணாம்புக்கு மேலே மரம் வீங்கியது, வேட்டிக்கு மேல் தொப்பை மாதிரி.

"பாத்தியா மச்சான், என் கைராசி!"

அடுத்த வருடம் இலை பழுத்தது. தண்ணீர் ஊற்றினேன். இலை கொட்டியது. இன்னும் ஊற்றினேன். மாமி வந்து சுண்ணாம்பை நகத்தால் கீறினார்.

"பட்டை எங்கேடா?"

"சுத்தம் பண்ணிட்டேம்மா."

"சுத்தியுமா?"

"பாக்கி வைக்கலம்மா."

மாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இலைதான்டா சமைக்கும். அந்தச் சர்க்கரை பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கும். நீ வழியையே உரிச்சுட்டே. இறங்க முடியாம எல்லாம் மேலேயே தங்கிடுத்து. அதான் பழம் அப்படி இனிச்சுது. வேர் பட்டினி!"

"தண்ணி ஊத்தினேனேம்மா…"

"தண்ணி கட்டை வழியா மேலே ஏறும். வேரே செத்துட்டா அதை யாருடா குடிப்பா?"

அந்த மரத்துப் பழம் நான் மட்டும் இரண்டு கூடை தின்றிருந்தேன். எல்லாம் வேரின் சோறு.

அறைக்கு வந்து சொன்னேன்.

"மரத்தையுமா உரிச்சிய?" என்றாள் மனைவி. பெட்டியைக் கட்டினாள்.

மாமி வேலையை விட்டு அனுப்பவில்லை. "கேட்டை மட்டும் பாத்துக்கோ. செடி பக்கம் போனே, தொலைச்சுடுவேன்."

போன மாதம் மகளுக்குப் பரீட்சை. செடியின் உணவு பட்டை வழியாகப் போகிறது என்பது எப்படித் தெரியும் என்று கேள்வி. இந்தியில் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: 'எங்க அப்பா செஞ்சு பாத்திருக்காரு.'

பள்ளிக்கூட டீச்சர் முழு மார்க் போட்டிருக்கிறார். என்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவியும் மகளும் அந்தத் தாளைக் காட்டிவிட்டுத்தான் டீ கொடுக்கிறார்கள்.