கை மாறிய கத்தி

“ஏனுங்க, கத்தியக் கையிலயா குடுத்தீங்க?”

சுகந்தி கணவரைச் சமையலறைக்குள் இழுத்துவைத்துக் கேட்டபோது, ராஜசேகருக்குக் குன்னூர்க் குளிரிலும் வியர்த்தது. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை சக்தி, அவனுடைய அப்பா காத்தமுத்து, அம்மா வேலாமணி. மூவரும் பெண் பார்ப்பதற்காக மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் மலையேறி வந்திருந்தார்கள்.

நடந்தது என்னவோ சின்ன விஷயம்தான். தட்டிலிருந்த பேரிக்காயைக் கடித்த காத்தமுத்து, பல் கூசி முகம் சுளித்தார். உபசாரத்தில் குறை வைத்தால் ராஜசேகருக்குத் தூக்கம் வராது. தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பரான அவர், மூட்டைத் தையலை அறுக்க எப்போதும் சட்டைப் பையில் ஒரு கத்தி வைத்திருப்பார். இது போன வாரம் சொந்தக் காசில் வாங்கிய புதுக் கத்தி. பொத்தானைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அலகு வெளியே வரும், பின்னே இழுத்தால் பிடிக்குள் போய்விடும். அதைத்தான் எடுத்து நீட்டினார். பேச்சு மும்முரத்தில் காத்தமுத்துவும் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சுகந்தி வீட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

அலகு உள்ளேதானே இருந்தது, மூடியிருந்தால் அது வெறும் பிளாஸ்டிக்தானே என்று ராஜசேகர் வாதாடிப் பார்த்தார்.

“பொட்டிக்குள்ள கெடந்தா பாம்பு பாம்பில்லைன்னு ஆயிருங்களா? மூணு எடத்த வேண்டாம்னவ, இந்த ஒரு எடத்துக்குத்தானுங்க வாயத் தொறந்து சரின்னு சொன்னா.”

அதைக் கேட்டதும் ராஜசேகர் வாதத்தை விட்டுவிட்டார். மகள் கனிஷ்கா சக்தியின் போட்டோவை இரண்டு தடவை வாங்கிப் பார்த்ததை அவரும் கவனித்திருந்தார். இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும். தன் கையாலேயே கெட்டது என்று ஆகக் கூடாது.

பரிகாரத்தைச் சுகந்தியே சொன்னாள். கையில் கொடுத்ததைக் கையிலேயே திரும்ப வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடுமாம். இவ்வளவுதானா என்று ராஜசேகருக்கு உயிர் வந்தது.

கூடத்துக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். காத்தமுத்து பழத்தை நறுக்கி முடித்தார், கத்தியைத் துடைத்தார், அலகை உள்ளே இழுத்தார், டீப்பாயில் வைத்தார். வாங்கும்போதுதான் அவருக்குக் கவனம் பிசகியது. கொடுக்கும்போது கத்தியைக் கீழே வைத்தே பழகிய மனிதர்.

ராஜசேகர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். சமையலறை வாசலில் சுகந்தியின் கண்கள் உருண்டன. சரி, இன்னொரு தடவை கொடுத்தால் அவரும் திருப்பித் தர இன்னொரு வாய்ப்புக் கிடைக்குமே என்று கணக்குப் போட்டவர், அடுத்த பேரிக்காயையும் கத்தியையும் சேர்த்துக் காத்தமுத்துவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடியும் விட்டார்.

காத்தமுத்து இந்தத் தடவை பழத்தைக் கண்டுகொள்ளவில்லை. பொத்தானைத் தள்ளினார், அலகு வந்தது. இழுத்தார், போனது. மறுபடி தள்ளினார். ஐந்தாறு தடவை ஆனதும் முகம் மலர்ந்தது.

“இத்தன ஆசையாக் குடுக்கறீங்க, வேண்டாம்னா நல்லாருக்காதுங்க” என்று சொல்லிக் கத்தியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுகந்தி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கூடம்வரை கேட்டது. கைக்குக் கை கொடுத்தது இரண்டு தடவை. போதாததற்குச் சம்பந்திக்குப் போகும் முதல் சீரே கத்தி.

ராஜசேகருக்கு மூளை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் செய்தது. அது ஃபேக்டரி சாமான், சாயங்காலம் ஸ்டோரில் திருப்பி வைத்தாக வேண்டும் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். வேண்டுமானால் அப்படியே கையில் கொடுத்துவிடுங்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

காத்தமுத்துவின் முகம் கறுத்தது. “நானா உங்கள கேட்டனுங்க? நீங்கதான கொண்டாந்து திணிச்சீங்க.”

“திணிக்கலீங்க. பழம் நறுக்கத்தான் குடுத்தனுங்க.”

“அப்ப நான் எடுத்து ஒளிச்சுட்டனா?”

அதற்குப் பிறகு யாருக்கும் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு கத்திக்கே கை நடுங்குகிறவர்கள் கல்யாணத்தை எப்படி நடத்துவார்கள் என்று அவர் கேட்டார். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பையை நிரப்புகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இவர் சொன்னார். சொன்ன மறுவினாடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். காத்தமுத்து கத்தியை எடுத்து டீப்பாயில் வீசினார், மஃப்ளரைக் கழுத்தில் சுற்றினார், மகனைப் பார்த்துக் கிளம்பு என்றார்.

சக்தி எழுந்திருக்கவில்லை. காபித் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்ற கனிஷ்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ராஜசேகருக்கு அந்த நிமிடம் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மகளின் வாழ்க்கையை ஒரு பேரிக்காய்க்காகக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத வேலாமணி, பஜ்ஜியின் கடைசித் துண்டைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கணவரின் மஃப்ளரைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

“கத்தி கை மாறுனப்பவே நான் பாத்துட்டனுங்க. கல்யாணத்துக்கப்பறம் எப்ப வந்து நிக்குமோன்னு பக்குபக்குன்னு இருந்துச்சு. நல்லவேளை, சண்டை இப்பவே வந்துருச்சு. இனி பயமில்லீங்க.”

ராஜசேகர் அவ்வளவு நேரமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். சமையலறை வாசலில் சுகந்தியும் விட்டாள். காத்தமுத்துவே அசட்டுச் சிரிப்போடு மஃப்ளரைக் கழற்றினார். கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியை நீட்ட, சக்தி முதல் ஆளாக எடுத்துக்கொண்டான். காலண்டரைக் கழற்றப் போன ராஜசேகரை வேலாமணி கையமர்த்தி நிறுத்தினார்.

“இருங்க, கத்தி ரெண்டு தடவ கை மாறுச்சுங்களே. மிச்சமிருக்கற சண்டையையும் இப்பவே போட்டு முடிச்சுருங்க, அப்பறமாத் தேதி குறிக்கலாம்.”