நாரை இல்லாத குளம்

நாகநாதன் ஐயா கும்பகோணத்தைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்தபோது, மருதங்குளத்தில் ஒரு கொக்குகூட இல்லை.

குடவாசல் பக்கத்து அந்தக் குளத்தைப் பறவைகளின் சொர்க்கமாக்கச் சென்னைத் தொழிலதிபர் நாகநாதன் வாரி வழங்கியிருந்தார். அவருடைய அறக்கட்டளை மேலாளர் புகழேந்தி, சென்னையிலிருந்து வந்த வரைபடத்தை இம்மி பிசகாமல் நிறைவேற்றினார். நாரைகள் கூடு கட்டிய கருவேல மரங்களை வெட்டிவிட்டு, நாரைச் சிலைகளை நட்டார். கரை முழுக்க சிமெண்ட் கல், கலர் விளக்கு. "பறவைகளுக்கு அமைதி தேவை" என்று ஒலிபெருக்கி நாள் முழுவதும் கத்தியது. பறவைகள் அதை மதித்து, அமைதியான வேறு ஊருக்குப் போய்விட்டன.

இன்று திறப்பு விழா. பறவைகளைக் கணக்கெடுக்க நிபுணர் ஒருவரும் ஐயாவோடு வருகிறார்.

"மீன் போட்டா வந்துடும் சார்," என்றாள் அலுவலக உதவியாளர் அனுசுயா.

இரண்டு கூடை மீனைக் கரையில் கொட்டினார்கள். காக்கைகள் வந்தன. பின்னாலேயே ஊர் நாய்கள் வந்தன. நாய்களை விரட்டப் புகழேந்தி சரவெடி கொளுத்தினார். நாய்கள் அசையவில்லை, காக்கைகள் போய்விட்டன.

"காக்காயாவது இருந்துச்சு," என்றாள் அனுசுயா.

அறுப்பு முடிந்த வயலில் ஹஸ்ஸான் முந்நூறு வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். புகழேந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் குளத்துல விடுங்க பாய். யாராவது கேட்டா வெளியூர்ப் பறவைன்னு சொல்லிடுங்க."

"உண்மைதானே சார். சீர்காழிலேர்ந்துதான ஓட்டிட்டு வந்தேன்."

வாத்துகள் இறங்கின. ஒலிபெருக்கி அமைதியை வலியுறுத்தியது. முந்நூறும் அலறி எதிர்க்கரை ஏறி, அறுவடைக்கு நின்ற நீலாம்பாளின் வயலுக்குள் புகுந்தன.

நீலாம்பாள் அரிவாளோடு வந்தாள். "உங்க சொர்க்கம் என் நெல்லத் தின்னுக்கிட்டிருக்கு."

"நஷ்டத்தத் தந்துடறேங்க்கா. ஐயா போற வரைக்கும் சத்தம் போடாதீங்க."

"இப்ப போடல. ஐயா வந்ததும் போடறேன்."

சொன்னபடியே போட்டாள். காரிலிருந்து இறங்கிய நாகநாதன், "அம்மாவுக்கு ரெண்டு மடங்கா குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். சிலைகளின் காலடியில் நாய்கள் தூங்கின. நிபுணர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நோட்டில் 'பூஜ்யம்' என்று எழுதினார்.

புகழேந்திக்கு, வேலை போகப்போகிறது என்பதைவிட, விடிகாலையில் கேட்கும் நாரைகளின் இரைச்சல் இனி இல்லை என்பதுதான் அப்போது நெஞ்சில் உறைத்தது.

"மன்னிச்சுடுங்கய்யா. நூத்துக்கணக்குல இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

நாகநாதன் வரவேற்பில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"உங்கள மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இன்னும் நாலு குளம் இருக்கு. அதையும் நீங்கதான் பாதுகாக்கணும்."

நிபுணரை அழைத்துக்கொண்டு அவர் பந்தலுக்குப் போனார். புகழேந்தி பொன்னாடையோடு கார் ஓட்டுநர் ராகுலிடம் வந்தார்.

"ஐயாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?"

ராகுல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"பறவை ஒண்ணுகூட இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான சார், இங்க ஐயாவோட ரிசார்ட்டுக்கு அனுமதி கெடைக்கும்."