செவுள் தூக்கிப் பார்த்த மக்ரோனி

மக்ரோனி சீஸ் டப்பாவை மீன்போலச் செவுள் தூக்கிப் பார்க்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் ஐஸ் அக்காதான். இத்தாலியில் தேடுங்கள், அமெரிக்காவில் தேடுங்கள், இப்படி ஒருவர் அகப்பட மாட்டார். அவரோடு மூன்று வருடம் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவன் என்பதை என் பயோடேட்டாவின் முதல் வரியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆபீஸ் ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடி. எங்கள் முதலாளி கிஷோர் அமெரிக்காவில் படித்தவர். அங்கே ஹாஸ்டலில் தினமும் தின்ற ஃப்ரோசன் மக்ரோனி சீஸ் மேல் அவருக்குத் தீராத ஏக்கம். அதை இங்கேயே செய்து விற்பது என்று கம்பெனி ஆரம்பித்துவிட்டார். ஃப்ரீஸரிலிருந்து டப்பாவை எடுத்து மைக்ரோவேவில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. டப்பாவின் மேல் அச்சடிக்கிற வாசகங்களை எழுதுவது என் வேலை.

ஐஸ் அக்கா டீ போடவும் பாத்திரம் கழுவவும் வந்தவர். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இருபது வருடம் ஐஸ் பெட்டியோடு மீன் விற்றவர். முட்டி தேய்ந்துபோய்த் தரையில் உட்கார முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அமுக்கிப் பார்ப்பார், பிறகு மோந்து பார்ப்பார். ஆபீசுக்குப் புது ஸ்டேப்ளர் வந்தபோது அதையும் மோந்து பார்த்துவிட்டு, "தேவல" என்று கொடுத்தார்.

புதன்கிழமைதோறும் ருசி பார்க்கிற நாள். ஆறு விதமாகச் செய்த மக்ரோனி ஆறு கிண்ணத்தில் வரும். ஆளுக்கொரு தாள், பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். நான் கிண்ணத்தைப் பார்த்து மார்க் போட்டவனே இல்லை, முதலாளி முகத்தைப் பார்த்துத்தான் போடுவேன். எல்லாவற்றுக்கும் எட்டு. ஏழு போட்டால் அவர் மனசு நோகும், ஒன்பது போட்டால் சந்தேகம் வரும்.

முதல் புதன்கிழமை பாத்திரம் எடுக்க வந்த அக்கா, மிச்சம் இருந்ததில் துளித்துளியாக உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஆப்பரேசன் முடிஞ்சவனுக்கு ஆஸ்பத்திரில குடுக்கற மாரி கீது?"

நாங்கள் எல்லோரும் தாளைக் குனிந்து பார்த்தோம். கிஷோர் மட்டும் நிமிர்ந்தார். "எது அக்கா அப்படி இருக்கு?"

"மூணாவது. ரெண்டாவது பரவால்ல. அஞ்சாவத பூனைக்கு வெச்சா, பூனை நம்மள ஒரு மாரியா பாக்கும்."

கிஷோர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இனிமே புதன்கிழமை நீங்க இங்கதான்க்கா உட்காரணும்" என்றார்.

அன்றிலிருந்து அக்காவுக்குப் புதன்கிழமை திருவிழா. சரிகைக் கரை போட்ட புடவை, தலை நிறைய மல்லி. டீ அரை மணி நேரம் தாமதமாகும், ஒருவரும் கேட்க மாட்டோம். ஆனால் மார்க் மட்டும் போட மாட்டேன் என்றுவிட்டார். "பத்துக்கு எட்டுன்னா இன்னா நைனா? மீதி ரெண்டு எங்க போச்சு?" என்று என்னைக் கேட்டார். அவருடைய கணக்கு மீன் கணக்கு. அருமை என்றால் வஞ்சிரம், நன்று என்றால் சங்கரா, சுமார் என்றால் நெத்திலி, தேறாது என்றால் பூனை. ஒரே மாதத்தில் எங்கள் கம்பெனி எக்ஸெல் ஷீட்டில் 'பூனை' என்று தனிக் கட்டமே வந்துவிட்டது. முக்கால்வாசி வாரம் நிறைந்திருந்ததும் அந்தக் கட்டம்தான்.

இன்னொரு நாள் மைக்ரோவேவையே கேள்வி கேட்டார். "எங்க வூட்டாண்ட ஒருத்தர்கிட்டயும் இந்தப் பொட்டி இல்ல. அவங்கல்லாம் டப்பாவப் பாத்துக்கினே குந்தினு இருக்கணுமா?" மறுநாள் வீட்டு இட்லிப் பானையைப் பையில் போட்டு எடுத்து வந்தார். மக்ரோனியைக் கிண்ணத்தில் கொட்டி ஆவியில் வேகவைத்தார். மைக்ரோவேவில் ரப்பராக இழுத்த சீஸ், இட்லிப் பானையில் வெண்ணெயாக வந்தது. 'இட்லிப் பானையிலும் சூடாக்கலாம்' என்று டப்பாவில் அச்சடித்தோம். நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அதுதான், அதுவும் அக்காவுடையது.

இத்தனைக்கும் அக்காவுக்கு மக்ரோனி பிடிக்கவே பிடிக்காது. "சீஸ் வாசனையே ஆவாது நைனா. வூட்டுக்குப் போய் மீன் கொழம்பு துன்னாத்தான் நாக்கு நேராவும். ஆனா நல்லது எது, நொந்தது எதுன்னு தெர்யாதா எனக்கு?" என்பார்.

இப்படி இருக்கையில் தி. நகரிலிருந்து அடையாறுவரை கடை வைத்திருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்து, சரக்கு வாங்குகிற அதிகாரியம்மா ருசி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் கம்பெனி பிழைக்கும். அன்றும் புதன்கிழமை. அக்கா சரிகைப் புடவையோடு வந்து நின்றார். புதிதாக வந்திருந்த மேனேஜர் அவரை வாசலிலேயே மடக்கினார்.

"அக்கா, இன்னிக்கு நீங்க உள்ள உட்கார வேணாம். பெரிய இடத்துலேர்ந்து வராங்க. டீ மட்டும் குடுத்தாப் போதும்."

அக்கா தலையிலிருந்த பூவைக் கழற்றிக் குழாய் பக்கத்தில் வைத்துவிட்டுத் தம்ளர் கழுவ ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே என் தாளில் குனிந்துகொண்டேன், எட்டு மார்க் ஆசாமியல்லவா நான்.

குளிர்சாதனக் கிடங்கிலிருந்து டப்பாக்கள் வந்தன. எங்கள் டப்பாவில் மக்ரோனி தனித்தனியாகவும், சீஸ் சின்னச் சின்ன வில்லைகளாகவும் உறைந்திருக்கும். குலுக்கினால் சலசலக்க வேண்டும். அக்கா ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கினார். 'தொப்' என்றது. டப்பாவின் ஓர மடிப்பைச் செவுளைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்தார்.

"சார், இத்த சூடு பண்ண மாட்டேன். கரைஞ்சி மறுபடி ஒறைஞ்ச சரக்கு இது."

மேனேஜர் தெர்மாமீட்டரைச் செருகிக் காட்டினார். "மைனஸ் பதினெட்டு. சரியாத்தானே இருக்கு?"

"அது இப்ப ஜொரம் கீதான்னு சொல்லும். நேத்து வந்துச்சான்னு சொல்லுமா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாத்துச் சொல்லுங்க. நல்லாத்தானே இருக்கு?"

உள்ளே அதிகாரியம்மா வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நான் டப்பாவை வாங்கிக் குலுக்கினேன். தொப். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"பூனை" என்றேன்.

"என்ன சார்?"

"பூனை. எக்ஸெல்ல அந்தக் கட்டத்துல போட்டுக்குங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சத்தம் கேட்டு வந்த கிஷோர், கிடங்குக்குச் சரக்கு ஏற்றிப்போன வேன் டிரைவருக்குப் போன் போட்டார். முந்தின நாள் மத்தியானம் வண்டி வழியில் நின்று, இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்ததாம். பயந்துகொண்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிஷோர் நேராக அதிகாரியம்மாவிடம் போய், "மன்னிக்கணும் மேடம், எங்க ஆள் சரக்கு சரியில்லன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"உங்க சரக்க உங்க ஆளே வேணாம்னுட்டாங்களா? அவங்கள நான் பாக்கணுமே!"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், பூ மறுபடி தலைக்கு ஏறியிருந்தது. கிஷோர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் மேனேஜர்.

அதிகாரியம்மா அடுத்த புதன்கிழமை மறுபடி வந்தார். நல்ல சரக்கைச் சாப்பிட்டுவிட்டு முதலில் அக்காவைத்தான் கேட்டார். அக்கா யோசித்து, "சங்கரா" என்றார். கிஷோர் முகம் விழுந்துவிட்டது.

"வஞ்சிரம் ஆவல சார். மொளகு பத்தல. ஆனா தெகிரியமா விக்கலாம்."

ஆர்டர் கிடைத்தது. எங்கள் டப்பா இன்றைக்கும் அந்தக் கடைகளில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

போன வருடம் நான் வேறு வேலைக்குக் கிளம்பினேன். கடைசி நாளன்று அக்காவிடம் போய், "அக்கா, நான் என்ன மீனு?" என்று கேட்டேன்.

கன்னத்தை அமுக்கிப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "நெத்திலி" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வஞ்சிரத்த ஊருக்கு வித்துடுவேன் நைனா. நெத்திலியத்தான் விக்காம என் பசங்களுக்கு எடுத்துக்கினு போவேன்."

அதைவிடப் பெரிய மார்க்கை எனக்கு இதுவரை யாரும் போட்டதில்லை.