கயிறு பிடிக்க ஒரு மைத்துனன்

தூத்துக்குடிக்காரன் என்று சொன்னால் போதும், வெளியூரில் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ முத்தெல்லாம் எடுப்பீங்களா?" என்பதுதான். இல்லை என்று உண்மையைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. நான் பிறந்தது ஏரல் பக்கம் நெல் விளையும் கிராமத்தில். வாய்க்காலில், இடுப்பளவு தண்ணீரில் குளித்து வளர்ந்த உடம்பு இது. கடலில் நான் போன அதிகபட்ச ஆழம் திருச்செந்தூரில் முழங்கால் வரை. (அதுவும் பெரிய அலை வந்தால் எனக்கு முன்னால் கரையேறியவர் யாரும் கிடையாது.) முத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் கல்யாணத்தில் மனைவிக்குப் போட்ட தோடு. அது பிளாஸ்டிக் முத்து என்பது பிற்பாடு தெரிந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் அனுப்புவோம். போன வருடம், அங்கே சரக்கு வாங்குபவர்களோடு பேசி வரச் சொல்லி முதலாளி என்னை மாலே நகரத்துக்கு அனுப்பினார். இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை.

மாலேயில் இசக்கி இருந்தான். என் மனைவி உமாவின் தம்பி. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தான், நான்தான் சேர்த்துவிட்டேன். ஒருநாள் சரக்குப் பேப்பரில் கன்டெய்னர் நம்பர் தப்பாகப் போய், பெட்டி துறைமுகத்திலேயே நின்று, அத்தனை வெங்காயமும் அழுகிவிட்டது. டைப் அடித்தவன் இசக்கி. எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, "நீ ஒரு வேலைக்கும் ஆவ மாட்டலே" என்று கத்தினேன். அடுத்த மாதமே அவன் மாலேக்குப் போய்விட்டான். அவன் போய் ஒரு வாரம் கழித்துக் கோப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம்பரைத் தப்பாக எழுதிக் கொடுத்தவனே நான். யாரிடமும் சொல்லவில்லை. உமாவிடமும்தான்.

கிளம்பும்போது உமா சொன்னாள்: "பாப்பாவுக்கு மூணு வயசு ஆவப்போவுது. தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியுமா? நான் கூப்பிட்டா பாக்கலாம்னு சொல்லுதான். நீங்க கூப்பிடுங்க."

"கூப்பிடுதேன்" என்றேன்.

மாலேயில் இசக்கி மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "வாங்க", "சாப்பிடுங்க", "படுங்க" எல்லாம் இருந்தது. 'அத்தான்' மட்டும் இல்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்கள் விருந்து வைப்பார்கள். நான் ஒருபடி மேலே போய், வெள்ளிக்கிழமை பக்கத்துத் தீவில் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்தேன். ஜாலியாக இருக்கும்போது பேச்சோடு பேச்சாகக் காதுகுத்தைச் சொல்லிவிடலாம், பழசைப் பேசாமலே தப்பிக்கலாம் என்பது கணக்கு.

"எனக்குத் தண்ணின்னாலே ஆவாது. நீங்க எறங்குங்க, நான் படகுல இருக்கேன்" என்றான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்தவன், பாவம். அங்கே குளிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

படகில் நாலைந்து வெளிநாட்டுக்காரர்கள். பயிற்சியாளர் நான் எந்த ஊர் என்று கேட்டார். அங்கே ஆரம்பித்தது சனி. தூத்துக்குடி, முத்து, ராஜாக்கள் காலம் என்று அளந்துவிட்டேன். "எங்கள் ஊரில் மூழ்குகிறவனின் கயிற்றை மேலே மைத்துனன்தான் பிடிப்பான். அக்கா தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, "அதோ உன் மைத்துனன் இருக்கிறாரே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதுகில் சிலிண்டரை மாட்டியதிலிருந்தே நான் படகுக் கம்பியை விடவில்லை. ஆகவே, கயிறு கட்டினால்தான் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, படகிலிருந்த ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டினார். மறுமுனையை இசக்கியிடம் கொடுத்தேன்.

"ஒருதடவ இழுத்தா தூக்கிரு."

"ரெண்டு தடவ இழுத்தா?"

"அதுக்குள்ள நீ தூக்கியிருக்கணும்."

பயிற்சியாளர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: மூச்சை மட்டும் பிடிக்காதே. இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் மூச்சைப் பிடித்ததுதான். மணலில் மண்டியிட்டு, அவர் சைகை காட்டக் காட்ட ஒருவழியாக மூச்சு விடப் பழகி, கண்ணைத் திறந்தேன். விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று என் மூஞ்சிக்கு நேரே நின்று என்னைப் பார்த்தது. அவ்வளவுதான். கையை வீசினேன், காலை உதைத்தேன். கயிறு காலில் சுற்றி, ஏழெட்டுத் தடவை வெட்டி இழுத்திருக்கும்.

மேலே "அத்தான்!" என்று ஓர் அலறல். தொப்பென்று யாரோ குதித்தார்கள். சட்டை, பேண்ட், பையில் போன், எல்லாவற்றோடும் இசக்கி. நீச்சல் தெரியாதவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான், நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் உருண்டு புரண்டு தண்ணீர் குடித்தோம்.

பயிற்சியாளர் எங்கள் இருவரின் தோளையும் பிடித்து, "எழுந்து நில்லுங்கள்" என்றார்.

நின்றோம். தண்ணீர் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது.

படகில் கைதட்டல். அந்த வெள்ளைக்காரப் பெண் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீச்சல் தெரியாம ஏம்லே குதிச்ச?" என்றேன்.

"கயிறு இழுத்துச்சுல்லா? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இசக்கி, அந்தப் பெட்டி நம்பர... தப்பா எழுதிக் கொடுத்தது நான்தாம்லே."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க எழுதிக் குடுத்த சீட்டு அன்னைக்கு எஞ் சட்டப் பையிலதான் இருந்துச்சு. பொறவுதான் ஃபைல்ல வச்சேன்."

"அப்பமே எடுத்துக் காட்ட வேண்டியதானலே?"

"அத்தன பேர் முன்னால அக்கா வீட்டுக்காரர எப்படிக் காட்டிக்கொடுக்க?"

நான் அழுதேன். ஏற்கெனவே முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வருடமாக என் கயிற்றை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான், நான்தான் அறியாமல் இருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்ட அதே ஆட்கள் முன்னால், அந்தத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலாளி ஒரு மணி நேரம் திட்டினார். உமா இரண்டு நாள் பேசவில்லை. காதுகுத்துக்கு இசக்கி வந்தான். மடியில் உட்கார்ந்த பாப்பாவைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் அவன் கேட்டு வாங்கிய வீடியோவும் கூடவே வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. இப்போது நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினால்கூட உமா கீழிருந்து, "கயிறு யாரு பிடிக்கா?" என்று குரல் கொடுக்கிறாள். பாப்பாவும் அதையே மழலையில் சொல்கிறாள்.

நேற்று இசக்கி போன் செய்தான். "அத்தான், அடுத்த வாரம் லீவுல வாரேன். கயத்தாத்துல எனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். நீங்க கண்டிப்பா கூட வரணும். இந்தத் தடவ ஆழம் எவ்வளவுன்னு தெரியல, கயிறு பிடிக்க ஆள் வேணும்லா?"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.