கோபுரமாகக் குவித்த உழக்கு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது நான்கு. படிப்பு இரண்டாம் வகுப்பு. ஆனால் நெல்லைக் கையில் அள்ளினாலே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவேன் என்ற பேர் எங்கள் ஊர் குரும்பகரத்தில் எனக்கு உண்டு. (அந்தப் பேரைப் பரப்பியதும் நானேதான்.) அது ஓர் உழக்கு நெல்லில் போயிற்று.

என் மகள் வசந்தாவைப் போலகம் என்ற ஊரில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வயலில் உப்புத் தண்ணீர் ஏறி, இரண்டு வருஷமாகப் பதர்தான் விளைந்தது.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கறேங்க அத்தை. அப்பறம் எறால் குட்டைக்கு விட்டுட வேண்டியதுதான்" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். குட்டை வெட்டிய நிலத்தில் மறுபடி நெல்லைப் பார்ப்பது லேசில்லை. வசந்தா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

என் பிறந்த வீட்டு நெல் கொஞ்சம் பானையில் கிடந்தது. கடலோரத்து நெல், உப்பைத் தாங்கும் என்பார்கள். பயிர் ஆராய்ச்சி படிக்கும் நிவேதா என்ற பெண் அதைக் கேள்விப்பட்டு வந்தாள்.

"நெசமாவே தாங்குமான்னு பாத்து, ஒங்க மக வயலுக்கு நாத்தும் வளத்துத் தர்றேன் பாட்டி. இருக்கறது பூராவும் குடுங்க. ஆனா வேற நெல்லு ஒண்ணுகூட கலக்கக் கூடாது."

"என் பானையில கலப்பா? யாருகிட்ட பேசுறே நீ?"

உள்ளே போய்ப் பானையைக் கவிழ்த்தேன். உழக்கில் முக்கால்கூட வரவில்லை. விதை கேட்டு வந்தவருக்குத் தலை குறைந்த உழக்கைக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. பக்கத்து மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டுக் கோபுரமாகக் குவித்தேன். அது கலப்பு என்று என் புத்தியில் படவே இல்லை. அது மரியாதை அல்லவா!

மூன்று வாரம் கழித்து நிவேதா வந்தாள். போனில் ஒரு படம்: கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"முப்பது நாத்து எலைய சோதிச்சேன் பாட்டி. பத்தொம்பது உப்பு தாங்குற நெல்லு. பதினொண்ணு வேற நெல்லு."

"ஒன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு வீட்டு ஜனம் கூடிவிட்டது. அன்றைக்கு வசந்தாவும் வந்திருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என் ஓரகத்தி மங்கை வந்தாள்.

"ஏங்க்கா, அன்னிக்கு மூட்டையிலேருந்து ரெண்டு கை போட்டீங்களே, அதுவா இருக்குமோ?"

(ஓரகத்தி என்றால் இதற்குத்தான்.)

வசந்தா என்னைப் பார்த்து "அம்மா..." என்றாள். அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"நான் உள்ளுக்குள்ள செஞ்சது ஒனக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று நிவேதாவிடம் கேட்டேன்.

"எலை, வேரு, நெல்லு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்களா இருக்கு பாட்டி. ஒவ்வொரு அறையிலயும் மெல்லிசு நூலு. அந்த நூலு பூரா எழுத்து. எப்படி வளரணும், உப்பு வந்தா என்ன செய்யணும்னு அதுலதான் இருக்கு. ரகத்துக்கு ரகம் அது கொஞ்சம் மாறும், அதான் படத்துல கோடு எடம் மாறி விழுது. மொத்தமே நாலு எழுத்து. அதையே மாத்தி மாத்தி எழுதியிருக்கு."

"நாலா? எனக்கே அதவிடக் கூடத் தெரியுமே!"

"ஒங்களுக்குள்ளயும் அதே நாலுதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நெல்லுக்கும் எனக்கும் ஒரே அரிச்சுவடியா! இதைப் படிக்கும் படிப்புக்கு மூலக்கூறு உயிரியல் என்று பேராம். அந்தப் பேரை மனப்பாடம் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அப்போதும் என் வீம்பு அடங்கவில்லை. நிவேதா சோதித்தது போக மிச்சமிருந்த நெல்லைத் திருப்பி வாங்கி முறத்தில் கொட்டி, ஊர் பார்க்க உட்கார்ந்து, கண்ணாலேயே இரண்டு குவியலாகப் பிரித்தேன். அந்தப் பெண்ணும் மறுக்காமல் இரண்டையும் தனித்தனியாக முளைக்கவைத்து இலையைச் சோதித்துப் பார்த்தாள். நான் நல்லது என்று எடுத்து வைத்ததில் பாதிக்குப் பாதி மூட்டையிலிருந்து அள்ளிப் போட்ட நெல். கழித்துப் போட்டதில்தான் என் தாய்வீட்டு நெல் அதிகம்! கோழியை விட்டுக் கொத்தவிட்டிருந்தாலும் இதைவிட ஒழுங்காகப் பிரித்திருக்கும்.

கடைசியில் எழுத்துதான் காப்பாற்றியது. கதிர் வரும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நாற்றிலும் நகக்கண் அளவு இலையைக் கிள்ளிப் படித்து, தாங்கும் நாற்றை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள் நிவேதா. கிள்ளிய நாற்று தன் பாட்டுக்கு வளர்ந்தது. போலகத்து வயலில் ஒரு மூலையில் நட்டோம். சுற்றியிருந்த பயிர் நுனி கருகி மஞ்சளாக நின்றபோது அந்த மூலை மட்டும் பச்சையாக நின்றது. மாப்பிள்ளை வரப்பில் குந்தி வெகுநேரம் பார்த்தார்.

"குட்டைக்கு ஆள் வந்தா இல்லேன்னு சொல்லிடு வசந்தா" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பருப்பில் கல்லை விட்டுவிட்டால் "அம்மா பொறுக்குன நெல்லு" என்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. வாயைப் பொத்திச் சிரிப்பார். சிரிக்கட்டும். நானோ தாளிக்கக் கறிவேப்பிலையைக் கிள்ளும்போதுகூட ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். எத்தனை எழுத்து எண்ணெயில் விழப்போகிறது!

இதை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"அடியே சுபா, போன வச்சுட்டு இங்க வா. பாட்டி எழுதுனத மொதல்லேருந்து சத்தமா வாசி. மெதுவா படி, ஒரு எழுத்தையும் விட்டுறாத."